கறுத்த படமும் கசியும் ஒளியும்

வீட்டிலே ஒரு மங்கல காரியம் நடந்தால் நாலு படம் எடுத்து வைப்பது இன்று எல்லாக் குடும்பங்களிலும் வழக்கமாகிவிட்டது. டிஜிட்டல் கமெரா வந்தபின் பிலிம் வாங்கும் செலவில்லை. கழுவக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் தவிப்பும் இல்லை. ஆயினும், எடுத்த படம் கறுத்துப்போயிற்று என்ற குறை மட்டும் நம்மை விட்டு நீங்கியபாடில்லை. கமெராதான் தானாகவே ஒளியை அளந்துகொள்கிறதே, பின் ஏன் இந்த அவலம் என்று பலரும் வினவுவதுண்டு. இதற்கு விடை, ஒளிமானி என்னும் சிறிய உறுப்பின் இயல்பிலே அடங்கியிருக்கிறது.

ஒளிமானி தன்மேல் விழும் ஒளியின் அளவை அறியும். அவ்வொளி எங்கிருந்து வந்தது என்பதை அறியாது. முன்வாசலால் வந்த விருந்தாளியும் பின்வேலியால் புகுந்த கள்வனும் அதற்கு ஒருவரே.

இதற்கு நல்லதோர் உதாரணம் உண்டு. யப்பானின் கெனன் நிறுவனம் 2012ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் 5டி மார்க் 3 என்னும் கமெராவை விற்பனைக்கு விட்டது. தொழில்முறைப் படப்பிடிப்பாளர்களும் விரும்பி வாங்கிய உயர்தரக் கருவி அது. அதன் மேற்புறத்திலே எண்களைக் காட்டும் சிறு திரையொன்று உண்டு; இருட்டில் அதை வாசிப்பதற்கு ஒரு விளக்கும் உண்டு. மிகுந்த இருளிலே அவ்விளக்கை ஏற்றியபோது ஒளிமானியின் கணக்கு மாறுவதைச் சிலர் கண்டனர். திரையின் வெளிச்சம் உள்ளே கசிந்து ஒளிமானியைத் தொட்டதே காரணம். தன் விளக்கே தன் கண்ணை ஏமாற்றிய கதை இது! நிறுவனம் அடுத்த மாதமே குறையை ஒப்புக்கொண்டு, அக்கருவிகளை இலவசமாகப் பரிசோதித்துத் தர முன்வந்தது. பின்னர் வந்த கருவிகளைக் கழற்றிப் பார்த்தவர்கள், மேல்மூடியின் உட்புறத்தில் கறுப்பு நாடா ஒட்டப்பட்டிருப்பதைக் கண்டனர். பெரிய நோய்க்கு எளிய மருந்து.

அந்தக் குறை கடும் இருளில் மட்டுமே தலைகாட்டியது. நம் வீடுகளில் அடிக்கடி நேர்வதோ வேறொன்று. கண்ணாடியும் பார்வைத்துளையும் கொண்ட பழைய அமைப்பிலான கமெராக்களில், ஒளிமானி பார்வைத்துளைக்கு அண்மையிலே இருக்கிறது. நாம் கண்ணை வைத்துப் பார்க்கும்போது நம் முகமே அத்துளையை மறைத்துவிடும். முக்காலியில் கமெராவை நிறுத்தி, விநாடிகள் கழித்துத் தானாகப் படமெடுக்கும்படி பொத்தானை அழுத்திவிட்டு, நாமும் ஓடிப்போய்க் குடும்பத்தோடு நிற்கும்போது அத்துளையை மறைப்பார் யார்? கமெராவின் முதுகிலே வெயில் அடித்தால், அவ்வொளி பின்வழியாகப் புகுந்துவிடும். வெளிச்சம் மிகுந்திருக்கிறது என்று ஒளிமானி எண்ணி, படத்தைக் கறுப்பித்துவிடும்.

இதைத் தடுப்பது மிக எளிது. பல கமெராக்களின் தோள்வாரிலே சிறிய இறப்பர் மூடியொன்று கோக்கப்பட்டிருக்கும். அது எதற்கென்று அறியாமலே பலர் ஆண்டுக்கணக்கில் சுமக்கின்றனர். அத்துளையை மூடுவதற்கே அது தரப்பட்டது. அஃதில்லையேல் ஒரு கறுப்புத் துணி போதும். கமெராவின் பின்திரையில் காட்சியைப் பார்த்தபடி எடுத்தாலும் இத்தொல்லை இல்லை. அப்போது படம் பதியும் தகடே ஒளியையும் அளக்கிறது. கண்ணாடியற்ற புதிய கமெராக்களும் கைத்தொலைபேசிகளும் இவ்வாறே அளப்பவை.

அப்படியானால் கைத்தொலைபேசியில் எடுக்கும் படமும் ஏன் சிலவேளை கெடுகிறது? காட்சி முழுவதும் இடைத்தரமான சாம்பல் நிறம் என்று வைத்துக்கொண்டு கணக்கிடுவதே ஒளிமானியின் அடிப்படை வழக்கம். அண்மைக்காலக் கருவிகள் முகத்தை அடையாளங்காணும் அளவுக்குத் தேர்ச்சி பெற்றிருப்பினும், இவ்வழக்கம் முற்றாக மாறவில்லை. ஆகவே வெள்ளைச் சுவரின் முன் வெள்ளைச் சேலையுடன் இருக்கும் பாட்டியின் படம் மங்கிக் கறுக்கும். கருந்திரைக்கு முன் நிற்பவரின் முகம் வெளிறிப்போகும். வெள்ளைக்குக் கூட்டு, கறுப்புக்குக் குறை என்பதே இதற்கான வாய்பாடு. கூட்டல், கழித்தல் குறியிட்ட வசதி ஏறக்குறைய எல்லாக் கமெராக்களிலும் உண்டு. கைத்தொலைபேசியிலே திரையில் தெரியும் முகத்தை விரலால் தொட்டுவிட்டு, வேண்டிய அளவு ஒளியைக் கூட்டிக்கொள்ளலாம்.

கறுத்த படத்தைக் கணினியிலே ஓரளவு வெளுப்பிக்கலாம். ஆனால் இருண்ட இடங்களில் புள்ளிகள் தோன்றும். வெளிறி எரிந்துபோன முகத்தை மீட்பதற்கோ வழியே இல்லை. ஆகையால் திருத்தம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடலாகாது. கடல் கடந்து வாழும் பிள்ளைகள் பல ஆண்டுகளின் பின் வந்து, பாட்டியை நடுவில் இருத்தி எடுக்கும் படம் ஒருமுறையே வாய்க்கும். பிள்ளைகள் விமானம் ஏறிவிடுவர். அடுத்த வருகையின்போது நடுவிலுள்ள நாற்காலி வெறுமையாக இருக்கவுங் கூடும்.

எனவே, எடுத்த படத்தை அப்போதே பாருங்கள். முகங்கள் தெளிவாயின் நன்று. இல்லையேல், எல்லாரும் இருந்த இடத்தை விட்டு எழும்புமுன் இன்னொன்று எடுத்துவிடுங்கள். டிஜிட்டல் கமெரா நமக்குத் தந்த பெரிய வரம் அதுதான்.