ஃபெயிலான போருக்கும் கணக்கு வேண்டும்

நம்ம அவிநாசிபாளையம் பக்கம் போர் போட்டு ஏமாறாத குடும்பம் அபூர்வம். என் தோட்டத்திலேயே இரண்டு. இரண்டாவது 1,200 அடி. தேங்காய் கையில் நிமிர்ந்து நின்ற இடத்தில்தான் போட்டோம். வந்தது வெறும் பாறைப் புழுதி. ரிக் வண்டிக்குப் பணம் கொடுக்க வீட்டுக்காரம்மாவின் வளையல் அடகுக்குப் போனது. குழிக்கு மூடி போட்டதோடு சரி. எத்தனை அடியில் என்ன பாறை, எங்கே வெடிப்பு என்று ஒரு வரி எழுதி வைக்கவில்லை.

ஜெர்மனிக்காரர்கள் வேறு மாதிரி. ம்யூனிக் பக்கம் பூமியின் ஆழத்தில் சுண்ணாம்புப் பாறை. அதன் வெடிப்புகளில் சுடுதண்ணீர். உன்டர்ஹாகிங் என்ற ஊரில் 2004-ல் 3,350 மீட்டர் தோண்டினார்கள். 122 டிகிரி தண்ணீர்! அந்தச் சூட்டைக் குழாய் வழியே வீடுகளுக்கு அனுப்பிவிட்டு, ஆறிய தண்ணீரை இன்னொரு போரில் பாறைக்கே திருப்பி விடுகிறார்கள். (நாம் உறிஞ்சுவதோடு சரி.)

அதற்குத் தெற்கே கெரெட்ஸ்ரீட்டில் 2013-ல் சுமார் 6 கிலோமீட்டர் நீளத்துக்குத் துளைத்தார்கள். சூடு 150 டிகிரிக்கு மேல், தண்ணீர்தான் போதவில்லை. நம்ம பாஷையில் போர் ஃபெயில். மூடிவிட்டுப் போகவில்லை. 2017-ல் அதே குழியிலிருந்து பக்கவாட்டில் ஒரு கிளை துளைத்து, பாறை பிளந்து நகர்ந்த இடத்தைத் தேடிப் போனார்கள். அங்கும் போதிய தண்ணீர் இல்லை. பிளவு இருந்தும் தண்ணீர் ஏன் ஓடவில்லை என்று அரசாங்கப் பணத்திலேயே ஆராய்ச்சி நடந்தது. 2023-ல் அங்கேயே வேறு வழியில் ஆரம்பித்தார்கள்: பாறைத் தண்ணீரை நம்பாமல், ஆழத்தில் மூடிய வளையமாகத் துளைத்து, தண்ணீரைச் சுற்றவிட்டுச் சூட்டை மட்டும் எடுப்பது.

சாயப்பட்டறை நண்பர்கள் உடனே பாய்லர் விறகுக் கணக்குப் போட வேண்டாம். நமக்கு அடியில் இருப்பது பழைய கருங்கல் பாறை. ஆயிரம் அடித் தண்ணீரே வெதுவெதுப்புதான். நம் நாட்டில் பூமிச் சூட்டுக்குப் பெரிதாகப் பேசப்படும் இடம் லடாக்கின் பூகா பள்ளத்தாக்கு.

நான் கேட்பது சின்ன விஷயம். ஆழம், பாறை, ஊத்து மூன்றையும் ரிக் வண்டிக்காரர் எழுதித் தந்தால்தான் பணம் என்று வையுங்கள். பஞ்சாயத்தில் அதற்கு ஒரு நோட்டு இருக்கட்டும். தண்ணீர் வராத போர்தான் அதில் முதலில் ஏற வேண்டும்.

போன வாரம் பக்கத்துத் தோட்டத்துப் பையன் வந்தான். என் குழிக்கு இருநூறு அடி தள்ளி அவனுக்கும் தேங்காய் நிமிர்ந்திருக்கிறது. "எத்தனை அடியிலுங்க பாறை மாறுச்சு?" என்றான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.