கொஞ்சம்தானே என்று விடலாமா?



புனே ராஸ்தா பேட்டையில் சர்தார் முதலியார் சாலை என்ற பெயர்ப்பலகையைப் பார்த்து மகிழ்ந்த நம்மவர்கள் பலர் இருப்பீர்கள். கே.இ.எம். மருத்துவமனை அந்தச் சாலையில்தான் இருக்கிறது. அங்கே டாக்டர் சி.எஸ். யாக்னிக்கும் அவருடைய குழுவினரும் 1993-இல் ஒரு பெரிய வேலையைத் தொடங்கினார்கள். புனேயைச் சுற்றியுள்ள ஆறு கிராமங்களில், பெண்கள் கருவுறுவதற்கு முன்பே அவர்களைப் பதிவு செய்துகொண்டார்கள். கர்ப்ப காலத்தில் என்ன சாப்பிட்டார்கள், ரத்தத்தில் என்ன குறைந்தது என்று குறித்துவைத்தார்கள். பிறந்த குழந்தைகளை எடை போட்டதோடு தோல் மடிப்பின் தடிமனையும் அளந்தார்கள். அதே பிள்ளைகளை வளர்ந்து ஆளாகும்வரை பின்தொடர்ந்தார்கள்.

இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 3.5 கிலோ. இந்தக் கிராமங்களின் குழந்தைகளுக்கோ 2.7 கிலோதான். ஆனால் எடை குறைந்த அளவுக்கு அவர்களுடைய உடல் கொழுப்பு குறையவில்லை. வைட்டமின் பி12 குறைவாகவும் ஃபோலேட் என்ற சத்து அதிகமாகவும் இருந்த தாய்மார்களின் பிள்ளைகளுக்கு ஆறு வயதிலேயே இன்சுலின் சரியாக வேலை செய்யாத நிலை கூடுதலாகத் தெரிந்தது. கருவறையில் நடந்தது, பள்ளிக்கூடம் போகும் வயதில் வந்து நின்றது.

யாக்னிக் ஆராய்ந்தது ஊட்டச்சத்தை, பிளாஸ்டிக்கை அல்ல. ஆனால் தண்ணீர் கேன், பார்சல் சாம்பார், கடை ரசீது என்று நம் வீடுகளில் எழும், பிளாஸ்டிக் ரசாயனம் கொஞ்சம் உடலுக்குள் போனால் கெடுதலா என்ற கேள்விக்கும் பதில் தேட வேண்டிய வழி, இப்படிக் கருவிலிருந்தே பின்தொடர்வதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

பிஸ்ஃபீனால் ஏ, தாலேட் போன்ற ரசாயனங்கள் நம் ஹார்மோன்களைப் போல நடிக்கும், அல்லது அவற்றின் வேலையைத் தடுக்கும். ஒரு ரசாயனத்தைச் சோதிக்கும் பழைய முறை எல்லோருக்கும் புரியக்கூடியது. எலிக்குக் கெடுதல் செய்யாத அளவைக் கண்டுபிடி, அதை நூறால் வகு, மனிதருக்கு அது பாதுகாப்பு என்று சொல். அளவு குறையக் குறைய ஆபத்தும் குறையும் என்ற நம்பிக்கை இதற்கு அடிப்படை. ஹார்மோன்கள் அந்தக் கணக்குக்குள் அடங்குவதில்லை. ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் ஒரு கிராமின் லட்சம் கோடியில் சில பங்கு ஈஸ்ட்ரஜன் இருந்தாலே உடல் அதற்குச் செவிசாய்க்கும். பெரியவர் உடலில் வந்த வேகத்தில் வெளியேறிவிடும் பொருள், உறுப்புகள் உருவாகிக்கொண்டிருக்கும் சில வாரங்களில் கருவைத் தொட்டால் விளைவு வேறாக இருக்கலாம். எவ்வளவு என்பதோடு எப்போது என்றும் கேட்டாக வேண்டும்.

நிபுணர்களே இதில் ஒத்துப்போகவில்லை. பிஸ்ஃபீனால் ஏ-வுக்கு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் ஒரு நாளைக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 4 மைக்ரோகிராம் வரை போகலாம் என்றது. 2023-இல் அதே ஆணையம் அதை 0.2 நானோகிராமாகக் குறைத்தது. இருபதாயிரம் மடங்கு! ஜெர்மனியின் ஆபத்து மதிப்பீட்டு நிறுவனம் இவ்வளவு குறைக்கத் தேவையில்லை என்று மறுத்தது. ஆனாலும் உணவு தொடும் பொருள்களில் பிஸ்ஃபீனால் ஏ-வுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பரில் தடை விதித்தது. நம் நாட்டில் 2015-இன் தர விதி பிஸ்ஃபீனால் ஏ-வைக் கொண்டு செய்யப்படும் பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கைக் குழந்தைகளின் பால் புட்டியிலிருந்து விலக்கியது. அந்தக் குழந்தையைச் சுமக்கும் தாய் குடிக்கும் கேனுக்கு அதே அக்கறை ஏன் இல்லை? என்னால் இதை ஏற்க முடியவில்லை.

பிளாஸ்டிக் மட்டுமல்ல, பூச்சிமருந்து போன்ற ரசாயனங்களைப் பற்றியும் இதே கேள்வி எழுகிறது; அதற்கு நம் ஊர்ப் பக்கமும் சான்றுகள் உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கிராம மக்களிடையே நடத்தி 2017-இல் வெளியிட்ட ஆய்வில், பூச்சிமருந்தோடு நேரடியாகப் புழங்கியவர்களிடம் சர்க்கரை நோய் மற்றவர்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு காணப்பட்டது. பூச்சிமருந்தால்தான் நோய் வந்தது என்று இந்த ஒரு கணக்கெடுப்பை வைத்து முடிவுகட்ட முடியாது. கர்ப்பத்திலிருந்தே ரத்தமும் சிறுநீரும் சேகரித்து, பிள்ளைகளை இருபது முப்பது ஆண்டுகள் தொடர்ந்தால்தான் தெளிவு பிறக்கும். அதைச் செய்ய முடியும் என்று புனே காட்டிவிட்டது. பணம் ஒதுக்க வேண்டியது அரசு.

அதுவரை, வீட்டில் கர்ப்பிணியோ கைக்குழந்தையோ இருந்தால் சிலவற்றைச் செய்யுங்கள். கொதிக்கும் சாம்பாரைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்காதீர்கள், தூக்குவாளி கொண்டுபோங்கள். தண்ணீர் கேனின் அடியில் முக்கோணத்துக்குள் 7 என்ற எண்ணும் பக்கத்தில் ‘பிசி’ என்ற எழுத்துகளும் இருந்தால் அது பாலிகார்பனேட். கீறல் விழுந்து மங்கிய கேனையும் வெயிலில் கிடந்த கேனையும் திருப்பி அனுப்புங்கள். பிஸ்ஃபீனால் இருக்கக்கூடிய பளபளப்பான கடை ரசீதைக் குழந்தை கையில் விளையாடக் கொடுக்காதீர்கள். தாயையும் சேயையும் பல ஆண்டுகள் தொடரும் ஆய்வு ஏதாவது மருத்துவமனை வழியாக உங்களைத் தேடி வந்தால், விவரம் கேட்டுத் தெரிந்துகொண்டு, மனம் ஒப்பினால் சேருங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்