அணில் ஆடும் முற்றமும் இரண்டு மதிப்பெண்ணும்

தமிழ்ப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையிடம் ஒரு சங்கப் பாட்டைக் கொடுத்துப் பாருங்கள். அது முதலில் பாட்டைப் பார்க்காது. திணை என்ன, துறை என்ன, யார் கூற்று, என்ன அணி என்றுதான் தேடும். இந்த நாலையும் உருப்போட்டால் வேலை முடிந்தது. நடுவில் இருக்கும் சில அடிகளைப் படித்தாலும் ஒன்றுதான், படிக்காவிட்டாலும் ஒன்றுதான். மதிப்பெண் குறையாது.

இதைக் குறை சொன்னால் உடனே பதில் வரும். "பாட்டுக்கு உரை என்று ஒன்று இருக்கிறது. ஆளாளுக்குத் தோன்றியதை எழுதினால் அது இலக்கியப் படிப்பா?" கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஒரே ஒரு பாட்டை எடுத்துக்கொண்டால் போதும், இந்த நியாயம் எவ்வளவு தூரம் தாங்கும் என்று தெரிந்துவிடும்.

குறுந்தொகையின் 41-ஆம் பாட்டு. பாடியவர் அணிலாடு முன்றிலார். தலைவன் பிரிந்து போயிருக்கிறான். தலைவி தோழியிடம் தன் நிலையைச் சொல்கிறாள். அவன் பக்கத்தில் இருக்கும்போது திருவிழா நடக்கும் ஊரில் இருப்பவள் மாதிரி மகிழ்ந்திருப்பாளாம். அவன் போய்விட்டாலோ, காட்டுவழியை ஒட்டிய சின்ன ஊரில், ஆட்கள் விட்டுப்போய் முற்றத்தில் அணில் விளையாடுகிற வீடு மாதிரி ஆகிவிடுவாளாம். அவ்வளவுதான் பாட்டு.

கைடு இதற்கு என்ன சொல்லும்? பாலைத் திணை. பிரிவில் வாடும் தலைவியின் கூற்று. உவமை. அப்புறம் 'அணிலாடு முன்றிலார் - பெயர்க்காரணம் தருக' என்று ஒரு இரண்டு மதிப்பெண் கேள்வி. பாடலில் வரும் தொடரால் பெயர் பெற்றார் என்று எழுதினால் இரண்டும் கிடைத்துவிடும்.

அந்த அணில் அங்கே என்ன செய்கிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை!

ஆள் நடமாட்டம் உள்ள வீட்டு முற்றத்துக்கும் அணில் வரும். நெல்லோ அரிசியோ ஒன்றைப் பொறுக்கும், ஒரு நிழல் அசைந்தால் போதும், மரத்துக்கு ஓடிவிடும். அது ஓடாமல் விளையாடிக்கொண்டு இருக்கிறது என்றால் விரட்ட ஆளில்லை என்று அர்த்தம். உயிர்த்துடிப்பான ஒரு சின்னப் பிராணியைக் காட்டியே வீட்டின் வெறுமையைச் சொல்லியாகிவிட்டது. இதைப் புரிந்துகொள்ள உரையாசிரியர் வேண்டாம். காலையில் ஒரு வாசலில் கோலம் இல்லையென்றால் "அந்த வீட்டில் என்ன ஆச்சு?" என்று கேட்கத் தெரிந்த எல்லோருக்கும் இது புரியும். ஊருக்குப் போயிருக்கிறார்களா, உடம்பு சரியில்லையா, அல்லது... என்று அந்த வெறும் தரையைப் பார்த்தே தெரு முழுக்க யோசிக்கும். போடாத கோலத்தைப் படிக்கத் தெரிந்தவருக்கு அணில் ஆடும் முற்றத்தைப் படிக்கத் தெரியாதா? இந்தப் படிப்பைப் பிள்ளைகள் வீட்டிலிருந்தே கொண்டுவருகிறார்கள். செருப்பைப் போல அதையும் வகுப்புக்கு வெளியே கழற்றிவிட்டு வரச் சொல்கிறது தமிழ்ப் பாடம்.

சரி, இப்போது இந்தப் பாட்டை இன்னொருவர் கையில் கொடுத்துப் பார்க்கலாம். 1995 அக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணத்து வலிகாமத்திலிருந்து லட்சக்கணக்கான சனங்கள் ஒரே நேரத்தில் வீடுகளை விட்டுக் கிளம்பினார்கள். பலாலிப் பக்கத்தார் பலர் அதற்கும் முன்பே, 1990-இலேயே போய்விட்டவர்கள். 2009-இல் போர் முடிந்த பிறகும் அவர்களில் பலரது காணி பல ஆண்டுகள் கம்பி வேலிக்கு அந்தப் பக்கம்தான் இருந்தது. தினமும் விடியற்காலையில் கூட்டிச் சுத்தமாக வைத்திருந்த முற்றம். அந்த முற்றத்தை விட்டு வந்த ஒருவர் குறுந்தொகையில் இந்தப் பாட்டுக்கு வந்தால் எங்கே நிற்பார்? தலைவியிடமா? தலைவனிடமா? முற்றத்தில்தான் நிற்பார். தலைவி தன் மனசைச் சொல்ல ஒரு வீட்டை உவமையாகக் காட்டினாள். இவருக்கு வீடுதான் விஷயம், அந்தப் பெண்ணின் மனசு அதற்கு உவமை. பாட்டு அப்படியே தலைகீழாகத் திரும்பிவிடுகிறது.

இது தப்பு என்பார்கள். "இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்திய காதல் பாட்டில் யாழ்ப்பாணத்தைத் திணிக்கலாமா?" திணிக்க வேண்டிய அவசியமே இல்லை. மக்கள் ஏன் போனார்கள் என்று பாட்டு சொல்லவில்லை. பஞ்சமா, கொள்ளையா, போரா, ஒரு வார்த்தை கிடையாது. தவிர, வெறிச்சோடிய வீடு எப்படி இருக்கும் என்று கேட்பவருக்கு முன்பே தெரிந்திருந்தால்தானே அந்த உவமை வேலை செய்யும்? தோழி அப்படி ஒரு வீட்டைப் பார்த்திருக்க வேண்டும். படிப்பவரும் பார்த்திருக்க வேண்டும். ஆளாளுக்குப் பார்த்த வீடு வேறு வேறாகத்தானே இருக்கும்? பிள்ளைகள் எல்லோரும் வேலைக்கு வெளியூர் போய்விட்ட இராமநாதபுரத்துக் கிராமத்து வீடாகவும் அது இருக்கலாம். தாத்தா செத்தபிறகு யாரும் திறக்காத வீடாகவும் இருக்கலாம்.

உரையைக் காட்டிப் பயமுறுத்துகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. குறுந்தொகைக்குப் பேராசிரியர் உரை எழுதினார், அவர் விட்ட 20 பாட்டுக்கு நச்சினார்க்கினியர் எழுதினார் என்று பழைய குறிப்பு இருக்கிறது. இரண்டு உரையும் இன்று கையில் இல்லை. 1915-இல் சௌரிப்பெருமாள் அரங்கனும் 1937-இல் உ.வே.சாமிநாதையரும் உரையோடு பதிப்பித்தார்கள். அவர்கள் உழைப்பு சாதாரணமானதல்ல, அது இல்லாவிட்டால் இன்று இந்தப் பேச்சே இல்லை. ஆனால் அவர்களும் ஓலையை வைத்துக்கொண்டு முட்டி மோதிப் படித்த வாசகர்கள். பாட்டின் அடியில் இருக்கும் கூற்றுக் குறிப்புகூடப் பாடியவர் எழுதியதல்ல, பிற்காலத்தில் சேர்ந்தது என்றுதான் அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். கைடு போடுகிறவர் அதை வேதவாக்கு ஆக்குகிறார்.

இலக்கணமாவது அவர்கள் பக்கம் இருக்கிறதா என்றால், அதுவும் இல்லை. அகப்பாட்டில் காதலர்களின் பெயரைச் சொல்லக்கூடாது என்று விதி வைத்தது தொல்காப்பியம்தான். பெயர் இருந்தால் அது யாரோ ஒருத்தியின் கதை. பெயர் இல்லாததால்தான் யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து நிற்க முடிகிறது. வெளிப்படையாகச் சொல்லாததைக் கேட்பவர் கண்டுகொள்வதற்கு உள்ளுறை, இறைச்சி என்று பெயர்கூட வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயர்களையும் மனப்பாடப் பகுதியாக்கிக் கொடுத்ததுதான் பாடத்திட்டத்தின் சாமர்த்தியம்.

அந்தப் பெயர்க்காரணக் கேள்விக்கே திரும்பி வருவோம். இந்தப் புலவரின் சொந்தப் பெயர் தொலைந்துபோனது. தொகுத்தவர்களோ, அதற்கு முன்னால் கேட்டு வைத்திருந்தவர்களோ பாட்டிலிருந்தே ஒரு பெயரை எடுத்து வைத்தார்கள். பாட்டில் இரண்டு படம் இருக்கிறது. திருவிழா ஊர் ஒன்று, அணில் முற்றம் ஒன்று. விழாவை எடுத்துப் பெயர் வைத்திருக்கலாம். வைக்கவில்லை. பெயர் வைத்த அந்த ஆளுக்கு அணில்தான் மனதில் தங்கியிருக்கிறது. நற்றிணையில் தேய்புரிப் பழங்கயிற்றினார் என்று ஒருவர். இரண்டு யானைகள் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும் தேய்ந்த பழங்கயிற்றைச் சொன்னவர். அங்கே யானை எவ்வளவு பெரிசு! பெயரில் நின்றதோ கயிறு. சங்கப் பாட்டின் முதல் வாசகர்கள் இப்படித்தான், தங்களுக்குப் பட்டதை எடுத்துக்கொண்டு படித்திருக்கிறார்கள்.

அப்படியானால் யார் என்ன சொன்னாலும் சரியா? இல்லை. இராமருக்கு மண் சுமந்த அணிலைத் தொண்டரடிப்பொடியாழ்வார் பாடியிருக்கிறார். அந்த ஞாபகத்தில் ஒருவர் இந்த அணிலையும் உழைப்பின் சின்னம், பக்தியின் சின்னம் என்று எழுதினால் அது பாட்டைப் படித்ததாகாது. ஆட்கள் போய்விட்ட வீடு என்ற சொற்கள் அங்கேயே இருக்கின்றன, அவை அந்த அர்த்தத்தை ஒத்துக்கொள்ளாது. வலிகாமத்துக்காரர் கண்ட வீட்டை அதே சொற்கள் ஒத்துக்கொள்கின்றன. வித்தியாசம் அவ்வளவுதான், ஒரு ஆசிரியர் பத்து நிமிஷத்தில் வகுப்பில் விளக்கிவிடலாம்.

ஈழத்திலிருந்து வந்து தமிழ்நாட்டு முகாம்களில் வளர்ந்த பிள்ளைகள் இங்கேதான் பரீட்சை எழுதுகிறார்கள். இந்தப் பாட்டு பாடமாக வந்து, அவர்களில் ஒரு பிள்ளை அம்மம்மா சொன்ன முற்றத்தைப் பற்றி நாலு வரி எழுதினால் விடைக்குறிப்பில் அதற்கு இடம் கிடையாது. சிவப்புப் பேனா அடித்துவிட்டுப் போகும். வகுப்பிலேயே அந்தப் பாட்டை நன்றாகப் புரிந்துகொண்ட பிள்ளை அதுவாகத்தான் இருந்திருக்கும். அதற்கப்புறம் அது இன்னொரு சங்கப் பாட்டைத் தானாகத் திறக்குமா?

"அப்படி எழுத விட்டால் எப்படித் திருத்துவது?" என்று கேட்பார்கள். கஷ்டம்தான். ஒரு நாளைக்குக் கட்டுக் கட்டாக விடைத்தாள் திருத்துகிற ஆசிரியருக்கு ஒற்றை விடை இருந்தால்தான் வண்டி ஓடும். அதைச் சொல்லட்டுமே! திருத்த நேரமில்லை, அதனால் ஒரே அர்த்தம் என்று வைத்திருக்கிறோம் என்று சொல்லட்டும். பாட்டுக்கே ஒரே அர்த்தம்தான் என்று ஏன் அணிலாடு முன்றிலார் மேல் பழி போட வேண்டும்?