மஹார் ரெஜிமென்ட் சொன்ன பதில்

வீரம் சாதியில் இருக்கிறது என்று நம்பிய பிரிட்டிஷார், 1890களில் மஹார்களைப் பட்டாளத்தில் சேர்ப்பதை நிறுத்தினார்கள். மதராஸ் படைப்பிரிவு 1920களில் கலைக்கப்பட்டதற்கும் இதே எண்ணம் ஒரு காரணம். அம்பேத்கர் விடாமல் வாதாடினார். உலகப்போரில் ஆள் தேவைப்பட்டதும் 1941 அக்டோபரில் பெல்காமில் மஹார் ரெஜிமென்ட் உருவானது.

1946ல் அது இயந்திரத் துப்பாக்கிப் படையாக மாறியது. நிமிடத்துக்குச் சுமார் 500 குண்டுகள் சுடும் விக்கர்ஸ்தான் ஆயுதம். சூடு தணிய, குழாயைச் சுற்றித் தண்ணீர் இருக்கும். எதிரி நெருங்கினாலும் சுடுபவர் இடத்தை விட்டு நகரக்கூடாது.

1947 டிசம்பர் 24 அன்று ஜம்மு பகுதியின் ஜாங்கரில், நாயக் கிருஷ்ணா சோனாவனே காயம்பட்ட பிறகும் சுட்டார். மகாவீர் சக்கரம் பெற்றார். 'போர்க்குலம்' என்ற பேச்சு பொய் என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்? சின்னசேலம் பக்கமிருந்து பட்டாளத்துக்குப் போகும் பையன்களுக்கு இதைப் பள்ளியிலேயே சொல்லித்தர வேண்டும்.