வயல் நீரில் வாழும் காவலர்கள்

புன்னைக்காயல் என்றதும் முத்துக்குளிப்பும் மீன்பிடிப்பும் நினைவுக்கு வரும். பொதிகை மலையில் உற்பத்தியாகும் தாமிரபரணி கடலில் கலக்கும் இடமும் அதுவே. அதற்குச் சற்று மேற்கே முக்காணி, ஆத்தூர், ஏரல் வட்டாரங்களில் நெல், வாழை, வெற்றிலை சாகுபடியாகின்றன. கடைமடைக்குத் தண்ணீர் வந்ததா என்பதே இங்குள்ள சிறு விவசாயியின் அன்றாடக் கவலை. வந்த தண்ணீரில் என்னென்ன பூச்சிகள் வாழ்கின்றன என்பதையும் அவர் கவனிப்பது நல்லது. மகசூலுக்கும் அதற்கும் தொடர்பு உண்டு.

நன்னீர்ப் பூச்சிகள் ஆறு முழுவதும் ஒரே மாதிரி பரவியிருப்பதில்லை. மலையோடையின் குளிர்ந்த, வேகமான நீரில் கல்லை ஒட்டி வாழும் இனங்கள் உண்டு. ஸ்ரீவைகுண்டம் அணையிலிருந்து வடகால் பாயும் கோரம்பள்ளம், தென்கால் பாயும் கடம்பாகுளம் போன்ற குளங்களுக்கும் வயல்களுக்கும் ஏற்றவை தட்டான், ஊசித்தட்டான், நீர்வண்டு, நீர்த்தேள், நீர்மேல் ஓடும் பூச்சி ஆகியவை. முகத்துவாரத்தை நெருங்கி உப்பு ஏற ஏற இவற்றில் பெரும்பாலானவை குறைந்துவிடும். உவர்நீரைத் தாங்கும் சில கொசு இனங்கள் அங்கும் பெருகும்.

தட்டானின் இளம்பருவம் தண்ணீருக்குள் கழிகிறது. அப்போது அது கொசுப்புழுக்களைத் தின்கிறது. சிறகு முளைத்தபின் பறக்கும் பூச்சிகளைப் பிடிக்கிறது. ஊசித்தட்டான் நெற்பயிரின் ஊடே தாழப் பறந்து தத்துப்பூச்சிகளை வேட்டையாடுகிறது. எள்ளளவே உள்ள ஒருவகை நீர்ப்பூச்சி, தண்ணீரில் தவறி விழும் புகையான் குஞ்சுகளைக் கூட்டமாகச் சூழ்ந்து உறிஞ்சிக் கொல்கிறது. கூலி கேட்காத காவலர்கள் இவர்கள்.

தேவையின்றிப் பூச்சி மருந்து அடிக்கும்போதும், தேங்கிய நீரில் குருணை மருந்து தூவும்போதும் முதலில் மடிவது பெரும்பாலும் இந்தக் காவலர்களே. தண்டுக்குள்ளும் பயிரின் அடியிலும் இருக்கும் புகையான் முட்டைகள் தப்பிப் பொரிக்கும். தின்ன ஆளில்லாமல் பெருகும். இந்தோனேசியா இந்தப் பாடத்தைக் கற்று, 1986-ல் நெல்லுக்கு 57 வகைப் பூச்சி மருந்துகளைத் தடை செய்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையும் காவலர்களைக் கணக்கில் சேர்க்கிறது. புகையானுக்குத் தூர் ஒன்றுக்கு 1 பூச்சி என்பது மருந்தடிக்கும் அளவு. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் 2 பூச்சி வரை பொறுக்கலாம்.

நீரில் வாழ்பவை எல்லாம் நண்பர்கள் அல்ல. நெல்லின் கூண்டுப்புழு இலையை வெட்டிக் கூடு செய்து நீரில் மிதக்கும். பயிரின் மேல் கயிற்றை இழுத்துக் கூடுகளை உதிர்த்து, நீரை வடித்துவிட்டால் அது அடங்கும். அதற்காக வயல் முழுவதும் நஞ்சு தூவ வேண்டியதில்லை. மேல்வயலில் தூவும் நஞ்சு வடிகால் வழியே கடைமடைக்கே வந்து சேரும் என்பதையும் மறக்கக் கூடாது.

கடலோர விவசாயிக்கு இன்னொரு பயனும் உண்டு. வழக்கமாகத் தட்டான் சுற்றும் வாய்க்காலில் அது காணாமல் போனால், உப்போ நஞ்சோ கழிவோ சேர்ந்திருக்கலாம் என்று ஐயுற வேண்டும். உடனே நீரைப் பரிசோதனைக்கு அனுப்புவது நலம். பரிசோதனைக்கு மாற்றாகாது என்றாலும், செலவில்லாத முன்னெச்சரிக்கை இது.

ஆற்றில் நன்னீர் குறைந்தால் கடல்நீர் மேலேறும். பூச்சியும் போகும், பயிரும் போகும். ஆகவே கடைமடைக்கு முறையாகத் தண்ணீர் விடுவதும், கழிவுநீர் ஆற்றில் கலப்பதைத் தடுப்பதும் அரசின் கடமை. தாமிரபரணிப் பாசனக் குளங்களில் 2011 முதல் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடந்து வருகிறது. அதைப்போலக் குளந்தோறும் பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு தட்டான்களையும் எண்ணச் செய்யலாம். விவசாயிகளின் பங்கு எளியது: மருந்துத் தெளிப்பானைத் தோளில் மாட்டுமுன் வயலில் இறங்கி, குனிந்து, தண்ணீரைப் பார்க்க வேண்டும்.