புருவச் சாயம்: சரக்கறிந்து விற்போம்

பலசரக்கோடு ஃபேன்ஸி சாமான்களும் வைத்திருக்கும் நம் வணிகச் சகோதரர்களிடம், அழகு நிலையம் நடத்துவோர் இப்போது "நிரந்தரப் புருவச் சாயம்" கேட்கிறார்கள். லாபம் உண்டுதான். ஆனால் இது கண்மை போலத் தடவித் துடைக்கும் சரக்கல்ல.

இதில் முக்கியமாக இரண்டு முறைகள் உண்டு. நுண்ணிய ஊசிகளை வரிசையாகப் பதித்த கைக்கருவியால், ரோமம் போலவே கீறிச் சாயம் இறக்குவது ஒன்று. இதை மைக்ரோபிளேடிங் என்பார்கள். மெஷின் ஊசியால் புள்ளி புள்ளியாகக் குத்தி நிழல் கொடுப்பது மற்றொன்று. இரண்டிலும் சாயம் தோலுக்குள்ளே தங்கிவிடுகிறது. சில ஆண்டுகளில் மங்கும் என்றாலும், முழுதும் போய்விடும் என்ற உறுதி இல்லை.

சாயத்தில் இருப்பவை பெரும்பாலும் இரும்பு ஆக்ஸைடு, கார்பன் கறுப்பு, டைட்டானியம் டை ஆக்ஸைடு, சில செயற்கைச் சாயங்கள். நாளாவட்டத்தில் இரும்பு ஆக்ஸைடு கலவை செம்மை தட்டக்கூடும். கார்பன் நீலச் சாம்பல் காட்டக்கூடும்.

தரைக்குப் போட நாம் கிலோக் கணக்கில் விற்கும் சிவப்புக் காவியும் இரும்பு ஆக்ஸைடுதான். "இரண்டும் ஒன்றே" என்று யாரேனும் மலிவுச் சரக்கு நீட்டினால் ஏமாறக் கூடாது. பெயர் ஒன்று, சுத்தம் வேறு. மேலே பூசும் அழகுசாதனப் பொருட்களிலேயே நிறத்துக்காக ஈயம், ஆர்சனிக் கூட்டுப்பொருட்களைச் சேர்க்க நம் நாட்டுச் சட்டம் தடை விதித்திருக்கிறது. அப்படியிருக்க, தோலுக்குள் போகும் சாயத்துக்கு எவ்வளவு கவனம் வேண்டும்!

அமெரிக்காவில் 2003, 2004 ஆண்டுகளில், இத்தகைய சில சாயங்களால் பாதிப்பு என்று 150-க்கும் மேற்பட்ட புகார்கள் அரசுக்குச் சென்றன. ஐரோப்பிய யூனியன் 2022 ஜனவரி முதல், பச்சை குத்தும் மைகளிலும் நிரந்தர ஒப்பனைச் சாயங்களிலும் ஆயிரக்கணக்கான ரசாயனங்களுக்குக் கட்டுப்பாடு விதித்தது.

"விற்பது நம் வேலை, குத்துவது அவர்கள் பொறுப்பு" என்று சிலர் வாதிடலாம். முகம் வீங்கியவர் அழகு நிலையத்தைக் கேட்பார். அவர்கள் நம் கடையைக் கை காட்டுவார்கள். அப்போது நம்மிடம் பில்லும் இல்லை, லேபிளும் இல்லை என்றால் என்ன பதில் சொல்வோம்?

ஆகவே உற்பத்தியாளர் பெயர், முகவரி, பேட்ச் எண், காலாவதித் தேதி, சேர்மான விவரம், கிருமி நீக்கம் செய்யப்பட்டது என்ற குறிப்பு ஆகியவை இல்லாத சரக்கை வாங்க வேண்டாம். பில் இல்லாமல் எடுக்கவே வேண்டாம். பெரிய பாட்டிலைப் பிரித்துச் சிறு குப்பிகளில் ஊற்றிச் சில்லறையாக விற்பது அறவே கூடாது. சீல் உடைந்த சாயத்தில் கிருமி சேரும்.

இவ்வளவும் பார்க்க இயலாதவர்கள் "அந்தச் சரக்கு நம்மிடம் இல்லை" என்று சொல்லிவிடலாம். அதனால் ஒரு வியாபாரம் போகும்; கடையின் பெயர் நிற்கும்.