பதக்கம் மட்டும் போதுமா?

ஆண்டுதோறும் குடியரசு நாளையும் சுதந்திர நாளையும் ஒட்டி, வீரச் செயல் புரிந்த காவலர்களுக்குக் குடியரசுத் தலைவரின் பதக்கங்கள் அறிவிக்கப்படுகின்றன. நாளிதழில் அப்பட்டியலைக் கண்டதும் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். அப்பெயர்களுள் சில, உயிரையே விலையாகக் கொடுத்தவை என்பதை எண்ணிப் பார்க்கிறோமா?

2001 டிசம்பர் 13 அன்று டெல்லி நாடாளுமன்ற வளாகத்தில் காவல் நின்றவர் கமலேஷ் குமாரி. மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் பெண் காவலர். பயங்கரவாதிகளைக் கண்டதும் ஓடி ஒளியாமல், உரக்கக் குரல் கொடுத்து மற்றவர்களை எச்சரித்தார். குண்டுகள் அவர் உயிரைக் குடித்தன. அவர் கையில் ஆயுதமே இல்லை!

2008 நவம்பரில் மும்பையில் துக்காராம் ஓம்ப்ளே என்ற காவலர், பயங்கரவாதியின் துப்பாக்கிக் குழலை இறுகப் பற்றிக்கொண்டு, குண்டுகளைத் தம் உடலில் ஏந்தினார். அவரிடம் இருந்ததோ வெறும் தடி! மறைவுக்குப் பின் இருவருக்கும் அசோகச் சக்கரம் வழங்கப்பட்டது. போர்க்களத்திற்கு வெளியே காட்டும் வீரத்திற்கு நம் நாடு அளிக்கும் தலையாய விருது அது.

விருது பெருமைக்குரியதே. ஆனால், அவர்கள் ஏன் வெறுங்கையோடு நிற்க நேர்ந்தது என்றும் நாம் கேட்க வேண்டாவா? பதக்கம் அக்கேள்வியை மூடி மறைத்துவிடக் கூடாது. ஆபத்தான இடத்தில் நிற்பவருக்குத் தக்க ஆயுதமும் கவசமும் பயிற்சியும் முதலில் கிடைக்க வேண்டும். இது அரசின் கடமை.

நம் கடமை என்ன? தோழியரே! கொளுத்தும் வெயிலில் நின்று நம்மைச் சாலை கடக்கச் செய்யும் காவலருக்கு நாளை முதல் ஒரு 'வணக்கம்' சொல்வோம். உயிரோடு இருக்கும்போதே அவர்களை மதிக்கப் பழகுவோம்!